சிறுகதையில் பதைப்பு எங்கே பிறக்கிறது?

கேள்வி (புதியவர்):
வணக்கம். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், வழக்கம்போலக் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போகும் ஒருவரைப் பற்றிக் கதை எழுதினேன். வேலை போன செய்தியைக் கடைசி வரியில்தான் வெளியிட்டேன். படித்த நண்பர்கள் மூவரும், முடிவு எதிர்பாராதது என்றாலும் அதுவரை கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள். மோதல் வேண்டுமென்றால் சண்டைக் காட்சி ஒன்றைச் சேர்க்க வேண்டுமா?

பழைய வாசகர்:
சண்டை தேவையில்லை. மோதல் உங்கள் கதையில் ஏற்கெனவே இருக்கிறது. வாசகர் கண்ணில் படாமல் நீங்களே அதை மூடி வைத்துவிட்டீர்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது 15 விநாடி அதிர்ச்சிதான் மிஞ்சும் என்றும், முன்பே தெரிந்திருந்தால் மேசையில் நடக்கும் வெறும் பேச்சுகூட 15 நிமிடம் பதைக்க வைக்கும் என்றும் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோவுடனான உரையாடலில் விளக்கினார். வேலை போனதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பின், "சம்பளம் வந்ததும் பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று மனைவி சாதாரணமாகச் சொல்வதே வாசகரின் வயிற்றைப் பிசையும்.

ஆற்றங்கரை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில், தன்னிடம் அன்போடு ஒட்டிக்கொண்ட குழந்தைகளில் இருவருக்குக் கதைசொல்லி டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்குக் கிடைப்பதில்லை. அவன் தன் வீட்டுக்கு வரும்படி அவரை அழைக்கிறான். எதற்கென்று நமக்குத் தெரியாவிட்டாலும், அந்தப் பையனின் மனத்தில் ஏதோ ஏக்கம் கிடக்கிறது என்பதை உணர்ந்தபடியேதான் வாசிக்கிறோம். கடைசியில் அவனே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. முடிவு தெரிந்த பிறகும் பதைப்பு குறையாததற்குக் காரணம், அது அந்த ஏக்கத்தில் ஊன்றி நிற்பதுதான். உங்கள் கதையில் யாருக்கு என்ன வேண்டும், அதற்கு எது குறுக்கே நிற்கிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.

புதியவர்:
இருவருக்கும் நன்றி. எழுதிப் பார்த்தேன். கணவருக்கு மானம் காக்க வேண்டும். மனைவிக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. சாப்பாடு கட்டித் தருவதோடு கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.