கல்லாவில் விழும் சில்லறையில் மதிப்புள்ள பழைய நாணயங்களை எப்படி இனங்காண்பது?

கேள்வி: மளிகைக்கல்லா

கும்பகோணத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கொட்டும் சில்லறையை இரவில் எண்ணும்போது, திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயம், பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஐந்து ரூபாய், தடித்த பழைய ஐந்து ரூபாய், எழுபதுகளின் பெரிய ஒரு ரூபாய் என்று ஏதாவது ஒன்று தென்படுகிறது. வைஷ்ணோ தேவி உருவமுள்ள நாணயத்துக்கு லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று வாட்ஸப்பில் வந்த காணொளியை நம்பி, கடைப் பையன் அவற்றைத் தனி டப்பாவில் சேர்த்து வருகிறான். எல்லாவற்றையும் எடுத்து வைத்தால் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது. ஒன்றையும் பார்க்காமல் கொடுத்துவிடவும் மனம் வரவில்லை. எதைப் பார்த்து எதை ஒதுக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தங்கசாலைத்தெரு

ஐயா, வெள்ளி உங்கள் கல்லாவுக்கு வராது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 11.66 கிராம் எடையுள்ள பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் புழக்கத்தை விட்டுப் போய் நெடுங்காலமாகிறது. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் அடித்தவை. அவற்றில் பழமைக்காக மட்டும் விலைபோகும் நாணயம் அரிது.

உங்களுக்கு முதல் கருவி ஒரு காந்தம். ஒரு ரூபாய் நாணயம் 1992 முதல் எஃகில் வருவதால் காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு நிக்கல் ரூபாய் ஒட்டாது. அதற்கும் முந்தைய, 1974 வரையிலான பத்து கிராம் ரூபாய் தூய நிக்கல் என்பதால் மறுபடியும் ஒட்டும். அதை ஆண்டைப் பார்த்தே பிரித்துவிடலாம். இந்தச் சோதனை ஐந்து ரூபாய் நினைவு நாணயங்களில்தான் சுவையானது. நாராயண குரு நாணயமும் திலகர் நாணயமும் செம்பு நிக்கலிலும் எஃகிலுமாக இரு வகையாக வந்துள்ளன. உருவம் ஒன்றே என்றாலும், சேகரிப்பவர்கள் அவற்றை வேறு வேறு நாணயங்களாகவே கணக்கில் கொள்வார்கள்.

அடுத்ததாக, நாணயத்தை அடித்த ஊரைக் காட்டும் குறி இருக்கிறதா என்று ஆண்டின் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், சிறு புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆங்கில எழுத்தான 'எச்' இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. ஆனால் அது ஏராளமாக வந்ததால் பெரிய விலை இல்லை. இந்தக் குறிகளைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம், ஒரே ஆண்டின் நாணயத்தை ஒரு நாணயச்சாலை மிகுதியாகவும் மற்றொன்று மிகக் குறைவாகவும் அடித்திருக்கக் கூடும் என்பதே. ஆண்டும் குறியும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கும் என்பதால், பட்டியல் நூல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் குறிப்பிட்ட தடித்த ஐந்து ரூபாய் 1992இல் தொடங்கியது. ஒன்பது கிராம் செம்பு நிக்கல். உலோகத்தின் விலை முகமதிப்பை மிஞ்சியதால், சவர அலகு செய்வதற்காக இது வங்கதேசத்துக்குக் கடத்தப்படுவதாகச் செய்திகள் வந்தன. 2007இல் எஃகுக்கும் 2009இல் நிக்கல் பித்தளைக்கும் மாறினார்கள். இதனால் அது இன்னும் அரிதாகிவிடவில்லை. தேய்ந்த ஒன்றைக் கொடுத்து ஐந்து ரூபாய்க்கு மேல் வாங்குவது கடினம். உருக்கி விற்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

திருவள்ளுவர் நாணயங்கள் 1995இல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்தவை. காமராசர், அண்ணா நூற்றாண்டு நாணயங்களும் பெரிய கோயில் நாணயமும் இதே நிலைதான்: கைபடாத பளபளப்போடு இருந்தால் சேகரிப்பவர் சற்றுக் கூடுதலாகத் தருவார், தேய்ந்திருந்தால் முகமதிப்புதான். என்னைக் கேட்டால், தமிழில் கையெழுத்துப் பொறித்த அண்ணா நாணயத்தை விலை பார்க்காமல் எடுத்து வைப்பேன்.

பதில்: செப்புக்காசு

மேலே உள்ள பதிலில் விடுபட்டது பிழை நாணயம், அதாவது நாணயச்சாலையிலேயே தவறாக அடிபட்டு வந்தது. புழக்கச் சில்லறையில் உண்மையாகவே முகமதிப்பைப் பல மடங்கு மிஞ்சக்கூடியது அதுதான் என்பது என் கருத்து. உருவம் மையத்திலிருந்து விலகி ஒரு பக்கம் வெறும் பிறையாக நிற்பது, நாணயம் அடிக்கும் உலோக வில்லையின் ஓரம் பிறைபோல் வெட்டுண்டிருப்பது, முந்தைய நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டதால் ஒரே உருவம் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் குழிவாகவும் விழுவது ஆகியவை தேடத் தக்கவை. எளிய சோதனை ஒன்றும் உண்டு. சிங்கத் தலை நேராக நிற்கும்படி நாணயத்தைப் பிடித்து, புத்தகத் தாளைப் புரட்டுவதுபோல் இடவலமாகத் திருப்பினால், நம் நாட்டு நாணயத்தில் மறுபக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது, எடுத்து வையுங்கள். சுத்தியால் தட்டியது, தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, நடுவில்லையைக் கழற்றிய பத்து ரூபாய் ஆகியவை நாணயச்சாலைக்கு வெளியே கெட்டவை என்பதால் யாரும் வாங்க மாட்டார்கள்.

சிலுவை வடிவக் கோடுகள் உள்ள இரண்டு ரூபாயை அரியது என்று சிலர் விற்கிறார்கள். அது அரியதன்று. அந்த வடிவம் சர்ச்சைக்கு உள்ளாகிப் பின்னர் மாற்றப்பட்டது என்பதைத் தவிர அதில் சிறப்பு எதுவும் இல்லை.

மறுமொழி: மளிகைக்கல்லா

இருவருக்கும் மிக்க நன்றி. கடைப் பையன் தன் டப்பாவில் உள்ளவற்றைப் புளியும் சபீனாவும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறான். இது சரிதானா? அவற்றை எங்கே கொண்டுபோய் விற்பது?

பதில்: தங்கசாலைத்தெரு

தேய்ப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும், சபீனாவின் தூள் மெல்லிய கீறல்களை இடும். பழகிய கண்ணுக்கு அந்தச் செயற்கைப் பளபளப்பு உடனே தெரியும், விலையும் உடனே குறையும். அழுக்கு மிகுதியாக இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஒற்றி எடுத்தால் போதும். மலிவான பிவிசி உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் படிவு ஏறும் என்பதால் சேகரிப்பவர்களுக்கான அட்டை உறைகளைப் பயன்படுத்துங்கள்.

விற்பதற்கு நாணயக் கண்காட்சிகள் உண்டு, நாணயச் சங்கங்களின் கூட்டங்களும் உண்டு. நேரில் காட்டி, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் கேட்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரரே. தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய நாணயங்களுக்குக் கட்டணமும் தரகும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்திருக்கிறது. அத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும் அதில் தெளிவுபடுத்தியது.

வைஷ்ணோ தேவி நாணயம் 2012இல் அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக ஐந்து ரூபாயாகவும் பத்து ரூபாயாகவும் வந்தது. இரண்டுமே செல்லுபடியாகும் சாதாரண நாணயங்கள். தேய்க்காமல் விட்டவற்றில் நல்லதாக ஒவ்வொன்றைப் பையன் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும், மற்றவற்றைக் கல்லாவில் கொட்டி மீதிச் சில்லறையாகக் கொடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பவர்களிடம், அதுவரை வந்த அதன் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்ததைச் சொல்லுங்கள்.