பால் போல் கலங்கிய புதுத் தொட்டி: புதுப்பிப்பு

புதிதாக வைத்த இரண்டடி மீன் தொட்டியில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் முழுத் தண்ணீரையும் மாற்றச் சொன்னீர்கள், மீதிப் பேர் கை வைக்காதே என்றீர்கள். கை வைக்கவில்லை. இப்போது தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. பின்கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளின் சுருக்கம்கூடத் தெரிகிறது.

கலங்கலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன். மணல் தூசி என்றால் அடியில் படிந்திருக்கும். படியவில்லை. ஆக, மிச்ச இரையைத் தின்று பெருகும் பாக்டீரியாதான். அவை ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் ஏர் பம்ப்பை நிறுத்தவே இல்லை. இரையைப் பாதியாகக் குறைத்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவில்லை. குளோரின் பட்டால், மீன் கழிவின் நச்சைச் சிதைக்கும், நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் போய்விடும்.

படிகாரம் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். குடத்துத் தண்ணீர் தெளிய அது சரி, ஆனால் தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கிவிடும், மீன் தாங்காது.

அப்புறம், தெளிந்துவிட்டதால் தொட்டி தயார் என்று அர்த்தமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் மீனுக்கு நஞ்சு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, ஆனால் நைட்ரைட் இன்னும் நிறம் காட்டுகிறது. அதனால் கால்வாசித் தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி, மாற்றி வருகிறேன். நைட்ரைட்டும் 0 ஆகும்வரை இருக்கிற கப்பி மீன்கள் போதும். நியான் டெட்ரா மீன்கள் அதற்கப்புறம்தான்.