வைகாசி முகூர்த்தம், ஏசி இல்லாத மண்டபம்: விருந்தாளி என்ன உடுத்தலாம்? (அனுபவப் பகிர்வு)

கேள்வி

கும்பகோணம் பக்கம் வைகாசி முகூர்த்தம், காலை 9 முதல் 10.30. ஏசி கிடையாது, மின்விசிறி மட்டும். முந்தின நாள் மாலை வரவேற்பு. விருந்தாளியாகப் போகும் பெண்கள், ஆண்கள், பிள்ளைகள் எதைக் கட்டினால் பந்தி முடிந்து கிளம்பும்வரை தாங்கும்? நெருங்கிய சொந்தம் என்பதால் பட்டையே விட்டுவிடு என்று சொல்ல வேண்டாம். நெசவு, தையல், சலவை தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

தறிவீடு

பட்டை விட வேண்டியதே இல்லை. வெயிலில் ஆளை வாட்டுவது பட்டு நூல் அல்ல, புடவையின் எடையும் ஜரிகையும்தான். பட்டு இழை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜரிகை என்பது நூலின் மேல் உலோகம் சுற்றியது, அது எதையும் இழுக்காது. அகலக் கரை, உடல் முழுக்கப் பூட்டா (இடையிடையே நெய்த பூ உருவம்), முந்தானை முழுக்க ஜரிகை என்று நெய்த காஞ்சிபுரம் புடவை ஒரு கிலோவைத் தொடும். அதை 9 மணி முகூர்த்தத்துக்குக் கட்டினால் மாங்கல்யதாரணம் ஆவதற்குள் முதுகு நனைந்துவிடும். அதே புடவையை விடியற்காலை 4.30 முதல் 6 வரையிலான முகூர்த்தத்துக்குத் தாராளமாகக் கட்டலாம். ஆகவே பத்திரிகையில் முதலில் முகூர்த்த நேரத்தைப் பாருங்கள், புடவையைப் பிறகு எடுங்கள்.

உங்கள் நேரத்துக்கு இரண்டு மூன்று அங்குலக் கரையும் வெற்று உடலும் கொண்ட ஆரணிப் பட்டு போதும். அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். நீங்கள் போகும் ஊருக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. விசிறி மடிப்பில் வரும் அந்தப் புடவைகளிலும் ஜரிகை குறைந்தவை கிடைக்கும். வாங்கும்போது புடவையைத் திருப்பி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பூட்டாவின் பின்னால் ஜரிகை நூல் வெட்டாமல் நீளமாக ஓடினால், வேர்த்த இடுப்பில் அது அரித்துக்கொண்டே இருக்கும்.

இன்னும் இலேசாக வேண்டுமானால் கோவை கோரா காட்டன். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பட்டு, குறுக்கே ஓடும் ஊடை நூல் பருத்தி. பட்டின் மினுமினுப்பு ஓரளவு வரும், காற்றும் போகும். காரைக்குடிக் கண்டாங்கியை நான் டெல்டா மாவட்டத்துக்குச் சொல்ல மாட்டேன். நூல் தடிமன், ஈரக்காற்றில் நனைந்தால் சீக்கிரம் காயாது. மதுரை, கரூர், வேலூர் மாதிரி வறண்ட வெயிலுக்கு அது நல்ல புடவை.

ஒரு எச்சரிக்கை. 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்' என்று விற்பவை பெரும்பாலும் பாலிஸ்டர் அல்லது விஸ்கோஸ் கலந்தவை. 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் அசலும் வரும், போலியும் வரும். அசல் பட்டுக்கான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் புடவை என்றால் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு எரியும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலிஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

ஊசிநூல்

தறிவீடு புடவையைப் பத்திச் சொல்லிட்டார். ஆனா எங்க கடைக்கு மே, ஜூன்ல ரிப்பேருக்கு வர்ற துணியைப் பார்த்தா, பிரச்சினை புடவையில இல்லீங்க, உள்ளே இருக்கறதுலதான். நல்ல பட்டுப் புடவை கட்டிட்டு, பாலிஸ்டர் லைனிங் வச்ச ப்ளவுஸும் சாட்டின் பாவாடையும் போட்டா, பட்டு கட்டின பலனே கிடையாது.

லைனிங்குக்கு டூ பை டூ பருத்தி வாங்குங்க, ஒரு மீட்டர் போதும். ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, காலையில அலசிக் காயவச்சு, அயர்ன் பண்ணி, அப்புறம்தான் டெய்லர்கிட்ட கொடுக்கணும். ஊறவைக்காம வெட்டினா முதல் தடவை நனைஞ்சதுமே லைனிங் சுருங்கும், மேலே பட்டு சுருங்காது. ப்ளவுஸ் முழுக்கக் கொசகொசன்னு சுருக்கம் விழுந்துடும். அதை அயர்ன் வச்சு சரிபண்ணவே முடியாது. புடவையோட ஃபால்ஸுக்கும் இதே கதைதான், பருத்தி ஃபால்ஸை நனைச்சுக் காயவச்சுத்தான் தைக்கணும்.

ஆர்ம்ஹோல் அளவு எடுக்கும்போது வழக்கமா வைக்கறதைவிட அரை இஞ்ச் லூஸ் கேளுங்க. பட்டு வேர்வையில ஊறினா பலம் குறையும். அட்சதை போடக் கையைத் தூக்கும்போது அக்குள் தையல் ஓரமா துணியே கிழியும், தையல் அப்படியே இருக்கும். அதைத் திரும்பச் சேர்க்கக் கஷ்டம். அதனால ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன்னால அழகு பார்த்தா மட்டும் போதாது. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, முன்னால குனிஞ்சு தரையைத் தொடுங்க.

அக்குளுக்குத் தனியா ஒரு பேட் வச்சுக்கலாம், வீட்டிலேயே தைக்கற விஷயம்தான். பழைய வேட்டித் துணியில 5 இஞ்ச் நீளம், 4 இஞ்ச் அகலத்துக்கு நீள்வட்டமா நாலு துண்டு வெட்டுங்க. ரெண்டு ரெண்டா ஒட்டி ஓரம் அடிச்சு, நடுவுல மடிச்சு, மடிப்பு ஆர்ம்ஹோல் தையல் மேல உக்கார்ற மாதிரி கையாலேயே நாலு இடத்துல பெரிய டாக்கா (பிரிக்கச் சுலபமான தற்காலிகத் தையல்) போடுங்க. கல்யாணம் முடிஞ்சதும் பிரிச்சு, பேடை மட்டும் துவைச்சுக்கலாம். கடையில கிடைக்கற ஒட்டுற பேட் நனைஞ்ச துணியில நழுவி மடங்கிடுது.

அரக்கு, கரும்பச்சை, ராமர் பச்சை ப்ளவுஸ் புதுசா இருந்தா சாயம் பாருங்க. வெள்ளைத் துணியை நனைச்சு உள்பக்கத் தையல் மேல ஒரு நிமிஷம் அழுத்தினா தெரிஞ்சுடும். கறை ஒட்டினா அந்த ப்ளவுஸ் வேர்வையிலயும் சாயம் விடும். வெளிர் நிறப் புடவையோட அதைப் போடவே கூடாது.

பாவாடைக்கு பாப்ளின் பருத்தி. உடம்பை ஒட்டுற லைக்ரா ஷேப்வேர் ஏசி ஹாலுக்கு மட்டும். கயிறு மாதிரி உருண்ட நாடா வேண்டாம். வேர்வையில அது இடுப்பை அறுத்துப் புண்ணாக்கும், கறுப்புத் தழும்பு நிக்கும். ஒரு இஞ்ச் பட்டை நாடாவா மாத்தி, முடிச்சைக் கொசுவத்துக்கு அடியில இல்லாம பக்கவாட்டுல போடுங்க. அஞ்சு கொசுவம் போதும், மிச்சத் துணியை முந்தானை நீளத்துக்கு விட்டுடலாம். ஒவ்வொரு கொசுவமும் வயித்து மேல ஒரு அடுக்கு.

தறிவீடு

ஊசிநூல் சொன்னதோடு ஒன்று. வெற்றுப் பட்டுக்கு அதே பட்டில்தான் ரவிக்கை என்று இல்லை. கலம்காரி அல்லது இக்கத் பருத்தி ரவிக்கை போட்டால் பாதிச் சூடு குறையும். தெரிந்தவர்கள் கண்ணுக்கு அது குறையாகத் தெரியாது.

நாலுமுழம்

ஆண்கள் பக்கம் எழுதுகிறேன். நாலு முழ வேட்டி ஒரே அடுக்கு, சுமார் 2 மீட்டர். எட்டு முழம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மடித்துக் கட்டுவதால் இரண்டு அடுக்கு. ஏசி இல்லாத இடத்தில் நாலு முழம்தான் காற்றோட்டம். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் உள்ளே தெரியும், ஆகவே முழங்கால்வரை வரும் வெள்ளைப் பருத்தி டவுசர் கட்டாயம்.

புது வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கட்டாதீர்கள். ஆலைக் கஞ்சியின் வழுவழுப்பில் இடுப்பில் நிற்காமல் இறங்கும். ஒரு முறை அலசி, கஞ்சி மிக மெல்லிசாகப் போட்டு இஸ்திரி செய்யுங்கள். மொடமொடவென்று போட்ட கஞ்சி துணியின் துளைகளை அடைத்துக் காற்றை நிறுத்தும், வேர்த்ததும் பிசுபிசுக்கும். ஒட்டிக்கோ வேட்டியில் பஞ்சு படிந்தால் பிடிப்பு போய்விடும். கட்டும் முன் பழைய பல் துலக்கும் பிரஷால் ஒட்டுப் பட்டையைச் சுத்தம் செய்து, மேலே பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டையில் நிறம் முக்கியம். சாம்பல், வான நீலம் இரண்டிலும்தான் வேர்வை வட்டம் பளிச்சென்று தெரியும். வெள்ளை, கருநீலம், சின்னக் கட்டம் என்றால் தெரியாது. வேட்டிக் கரைக்குப் பொருத்தமாக வரும் பளபளச் சட்டை பெரும்பாலும் பாலிஸ்டர். அதைத் தவிர்த்துவிட்டு அரைக்கை பருத்திச் சட்டை எடுங்கள். உள்ளே கை வைத்த பருத்தி பனியன் போடுங்கள். வெயிலுக்குப் பனியன் எதற்கு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். வேர்வையை முதலில் வாங்குவது பனியன்தான், அது இல்லாவிட்டால் சட்டை முதுகில் ஒட்டும்.

சைக்கிள் ஸ்டாண்ட்

நாலு முழத்தை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பைக்கில் வருகிறவருக்கும் பந்தியில் பரிமாற நிற்கிறவருக்கும் எட்டு முழம்தான் சரி. நாலு முழம் காற்றில் விலகும், குனிந்தால் பிரியும். பைக்கில் பேண்ட்டோடு வந்து மண்டபத்தில் வேட்டி மாற்றுவதானால் நாலு முழம் கட்டலாம்.

வெள்ளாவி

சலவைக்கு வரும் கறைகளை வைத்து எழுதுகிறேன்.

முதல் கறை வாசலிலேயே விழுகிறது, பன்னீர். புதுப் பட்டில் நீர்த்துளி பட்டால் காய்ந்தபின் வட்டமாக விளிம்பு தெரியும். பதறிப்போய்க் கைக்குட்டையால் தேய்த்தால் வட்டம் பெரிதாகும். தொட்டு எடுத்து, விசிறிக்கு அடியில் காயவிட்டு, அதே புடவையின் இன்னொரு பகுதியால் இலேசாக உரசினால் பெரும்பாலும் மறையும். குங்குமம் கொட்டினால் தண்ணீர் வைக்கவே கூடாது. உதறி, ஊதி எடுங்கள். சந்தனம் காயட்டும், பிறகு தட்டினால் உதிரும்.

அடுத்தது பந்தி. இலை முன்பக்கம் சரிந்திருந்தால் ரசம் நேராக மடிக்கு வரும். உட்கார்ந்ததும் பெரிய கைக்குட்டையை மடியில் விரியுங்கள், சோற்றில் குழி பறித்த பிறகு ரசம் கேளுங்கள். வேட்டியில் சாம்பார் பட்டால் உடனே வெறும் தண்ணீரில் அலசுங்கள். மண்டபத்துக் கை கழுவும் சோப்பைப் போட்டதும் கறை சிவப்பாக மாறும். மஞ்சள் காரத்தில் சிவக்கும் குணம் கொண்டது, அதனால் கறை பெரிதாகிவிட்டது என்று பயப்படாதீர்கள். வீட்டில் துவைத்து நல்ல வெயிலில் காயவைத்தால் மஞ்சள் வெளுக்கும். அந்த வெயில் வைத்தியம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். பட்டை வெயிலில் போட்டால் சாயமே வெளுத்துவிடும், கறையோடு டிரை வாஷ் கொடுத்து, என்ன கறை என்பதையும் சொல்லுங்கள். நெய், பாயசத்து எண்ணெய்ப் பசை என்றால் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் விட்டுத் தட்டுங்கள்.

சென்ட் அடிப்பதானால் உடுத்தும் முன் உடம்பில் அடித்து உலர விடுங்கள். வெள்ளி ஜரிகையைக் கறுக்க வைப்பதில் வேர்வைக்கும் சென்ட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

மல்லிப்பந்து

பூ விஷயத்தை யாரும் சொல்லவில்லை. கோடைதான் மல்லிகைக்குச் சீசன், தாராளமாகக் கிடைக்கும். ஈரத் துணியில் சுற்றி வைத்த சரத்தை அப்படியே வைத்தால் தண்ணீர் சொட்டி ப்ளவுஸ் முதுகில் கறை விழும். நன்றாக உதறி, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு வையுங்கள். கழுத்தில் ஒற்றை நகை போதும். கவரிங் நகையில் நிக்கல் இருந்தால் வேர்வை பட்டதும் அரிப்பெடுக்கும், அப்படி ஆகிறவர்கள் உள்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவிக் காயவைத்துப் போடலாம்.

பொரியிடும்போது ஹோமத்துக்கு அருகில் நிற்கும் உறவினர்கள் ஜார்ஜெட், நைலான் துப்பட்டாவைத் தவிர்க்க வேண்டும். பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும்.

நிறம் பற்றி: கறுப்பு வேண்டாம். பல வீடுகளில் சுமங்கலிகள் வெறும் வெள்ளை கட்டுவதையும் விரும்ப மாட்டார்கள். பெண்ணின் கூரைப்புடவை என்ன நிறம் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டால் அந்த நிறத்தைத் தவிர்க்கலாம். கல்யாணம் கோயிலில் என்றால் அந்தக் கோயில் வழக்கத்தையும் கேளுங்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அங்கே தோளுக்கு ஒரு அங்கவஸ்திரம் கையோடு இருக்கட்டும்.

ஊசிநூல்

பிள்ளைங்களுக்கு: பட்டுப் பாவாடையோட ஜரிகைக் கரை கணுக்காலை அறுக்கும். உள்ளே பருத்தி லைனிங்கைக் கரையைவிடக் கால் இஞ்ச் கீழே இறங்கற மாதிரி தைக்கச் சொல்லுங்க, காலில் படறது லைனிங்காத்தான் இருக்கும். சட்டைக்கு ஜரிகைக் கை வைக்காதீங்க. தாலி கட்டி முடிஞ்சதும் மாத்த ஒரு பருத்தி கவுன் பையில இருக்கட்டும். பையனுக்கு எலாஸ்டிக் வேட்டி, உள்ளே பருத்தி டிரவுசர்.

தறிவீடு

கட்டி வந்த பட்டை அன்றே மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் போடுங்கள். இடுப்புப் பகுதியும் ரவிக்கை அக்குளும் காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் நேராகப் படக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில்தான் முதலில் விடும்.