அம்மாவின் காது

அக்கா: "மருந்து போட்டாயிற்றா?" என்று கேட்டேன். "விருந்துக்கு யார் வருகிறார்கள்?" என்கிறார் அம்மா. மறதி கூடிக்கொண்டே போகிறது. பயமாக இருக்கிறது.

அண்ணன்: 74 வயதில் இதெல்லாம் சகஜம்தான்.

நான்: அப்படி விட்டுவிட வேண்டாம் அண்ணா. அது மறதி மாதிரி இல்லை, காதில் சரியாக விழவில்லை. போன வாரம் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். எந்த மாத்திரை, எந்த வேளை, எல்லாம் பிசகாமல் சொன்னார்.

சித்தி: சரி, காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நான்: நிறைய இருக்கிறது சித்தி. அரைகுறையாக விழும் சொல்லைப் பிடிக்கவே மூளை பாடுபட்டால், அதை நினைவில் வைக்கத் தெம்பு இருக்காது. அப்புறம் பேச்சுக் குறையும், ஆள் ஒதுங்கிப் போவார். 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. பிபி, சர்க்கரை, புகை, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் உண்டு. அதிகப் பங்கு காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும்தான்.

அண்ணன்: மெஷின்தான் வாங்கிக் கொடுத்தோமே.

அக்கா: டப்பாவோடு அலமாரியில் இருக்கிறது. தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி கேட்கிறதாம். இரண்டாம் நாளே கழற்றிவிட்டார்.

நான்: பழக வாரக்கணக்கில் ஆகும் அக்கா. நடுவில் ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம் போய்ச் சத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். நாம் ஒரே தடவை போனதோடு சரி, தப்பு நம்முடையது. காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அண்ணன்: மெஷின் போட்டால் மறதி வராதா?

நான்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் காது சரியாகக் கேட்காத, 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மெஷின் கொடுத்து, எல்லோரையும் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறதிக்கான அபாயம் ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களில், மெஷின் கிடைத்தவர்களுக்கு மூளைத்திறன் சரிவது 48% குறைந்தது. அம்மாவுக்கு பிபியும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

சித்தி: அப்படியே பி12, தைராய்டும் பார்த்துவிடுங்கள். எனக்குப் பி12 குறைந்தபோது அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். ஊசி போட்ட பிறகுதான் தெளிந்தது.

அக்கா: தூக்கம் வருகிறதென்று தினமும் இரவில் ஒரு அலர்ஜி மாத்திரை போடுகிறார். அதையும் சொல்லவா?

நான்: கட்டாயம் சொல்லுங்கள் அக்கா. தூக்கம் வரவைக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களைக் குழப்பும். போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்கா: இப்போதுதான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "நீங்கள் எல்லோரும் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரிவதில்லை. கேட்டால் சலித்துக்கொள்வீர்கள் என்று சிரித்து வைப்பேன்" என்கிறார்.

சித்தி: ஐயோ, பாவம் உங்கள் அம்மா.

அண்ணன்: வியாழக்கிழமைக்கு நேரம் வாங்குகிறேன். நானும் கூட வருகிறேன். அந்த டப்பாவை எடுத்து வை.