நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கறேன், எந்த ஆட்-ஆன் சேர்க்கலாம்? சொல்லுங்க ப்ளீஸ்

எங்க லேப்ரடாருக்கு 3 வயசு ஆகுது, இப்பதான் முதல் தடவை பாலிசி எடுக்கறோம். பேசிக் கவர்ல ஆக்சிடென்ட், ஆபரேஷன் எல்லாம் இருக்கு, ஆனா எக்ஸ்ட்ராவா பல்லு ட்ரீட்மென்ட், தொலைஞ்சு போனா கவர், அடுத்தவங்களை கடிச்சா வர்ற செலவு, நீண்ட நாள் வியாதினு தனித்தனியா காசு கட்டி சேர்க்கணுமாம், எல்லாத்தையும் போட்டா ப்ரீமியம் எங்கயோ போயிடுது.

லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டு பிரச்சனை அதிகம் வரும்ங்கறதால நீண்ட நாள் வியாதி கவர் கண்டிப்பா வேணும்னு எனக்கு தோணுது. வியாதி வந்தப்புறம் சேர்த்தா பழைய வியாதினு தள்ளிடுவாங்க, வெயிட்டிங் பீரியட் (பாலிசி எடுத்ததும் க்ளெய்ம் பண்ண முடியாம காத்திருக்கற காலம்) வேற இருக்கு, அதான் இப்பவே முடிவு பண்ணணும். பல்லு கவர்ல வெறும் க்ளீனிங்குக்கு தருவாங்களா, இல்ல பல்லு எடுத்தா மட்டும்தானா? க்ளெய்ம் பண்ணவங்க யாராவது இருந்தா எது நிஜமா உதவுச்சுனு சொல்லுங்க, இவ எங்க வீட்டு புள்ள மாதிரி, தப்பா எடுத்துடக்கூடாதுனு பயமா இருக்கு.