கேஸ்கேடிங் ஃபெயிலியர்: ‘தொடர்விலகல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்வலையில் ஒரு தடம் (லைன்) நின்றதும் மற்றவையும் அடுத்தடுத்து நிற்பதை ஆங்கிலத்தில் ‘கேஸ்கேடிங் ஃபெயிலியர்’ என்பார்கள். அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழ் தேடுகையில் நீங்கள் கேட்டவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> மின்வலையில் நேரும் கேஸ்கேடிங் ஃபெயிலியருக்குத் ‘தொடர்முறிவு’ என்றே வைக்கலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா. ஆனால் அங்கே எதுவும் முறிவதில்லையே! 2012 ஜூலை 30 பின்னிரவு 2:33-க்கு வட இந்தியா இருண்டதை எடுத்துக்கொள்வோம். பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடத்தில் கம்பி அறுபடவில்லை, பழுதும் இல்லை. பாதுகாப்பு ரிலே (பழுது கண்டால் தடத்தைத் துண்டிக்கச் செய்யும் கருவி) மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்க்கும். ஈவு மிகவும் குறைந்தால் பழுது என்று முடிவுகட்டும். அன்று சுமை கூடி ஓட்டம் ஏறியது, அழுத்தம் தாழ்ந்தது. ரிலே ஏமாந்து தடத்தைக் கழற்றிவிட்டது. மேற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மின்சாரம் கிழக்கைச் சுற்றிப் பாய்ந்தது; அந்த நீண்ட வழியும் தாங்காமல் அங்குள்ள இணைப்புகளும் விலகின. மறுநாள் பகலில் மறுபடியும் அதே தடம். இம்முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் பாதிப்பு.

ஆகவே என் பரிந்துரை ‘தொடர்விலகல்’. ஒரு தடம் விலகினால் அதன் சுமை மற்றவற்றின் தலையில் ஏறுகிறது, அவையும் விலகுகின்றன. கடைசியில் வலையே மொத்தமாக விழுவது ‘வலைச்சரிவு’. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம்.

> ‘அடுக்குச்சரிவு’?

சீட்டுக்கட்டு வீடுதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் இருப்பதுதான் அடுத்து விழும் என்று மாணவர் நினைத்துவிடுவார். மின்வலையில் அடுத்த விலகல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் நேரும்.

அன்று தெற்கு தப்பியதும் வலையின் அமைப்பால்தான். மற்ற பகுதிகளோடு உயரழுத்த நேர்மின்னோட்ட (HVDC) இணைப்புகள் வழியே சேர்ந்திருந்ததால் அதன் அதிர்வெண் தனி. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வந்தபின் நாமும் நாட்டோடு ஒரே அதிர்வெண்ணில் ஓடுகிறோம். வரவும் உண்டு, வம்பும் உண்டு.

> டெட் எண்ட்?

வலையில் ஒரு முனையில் மட்டும் சேர்ந்து, மறுமுனை எங்கும் சேராமல் முடியும் கிளைக்கு ‘முட்டுக்கிளை’. முட்டுச்சந்து தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 2014-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் வட ஐரோப்பிய மின்வலையின் மாதிரியை வைத்துக் காட்டியது இதைத்தான்: முட்டுக்கிளைகளை ஒட்டிய கணுக்கள் (தடங்கள் சேரும் இடங்கள்) பெரிய அதிர்ச்சிக்குப் பின் ஒத்தியக்கத்துக்கு, அதாவது மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் ஓடும் நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு. சில தடங்களைச் சேர்த்து அக்கிளைகளை வலையோடு பிணைத்தால் நிலைமை தேறுகிறது.

துணைமின் நிலையத்தில் தடம் விலகுவதை ‘லைன் ட்ரிப்’ என்று சொல்லும் வழக்கம் எப்படியும் போகாது, போகவும் வேண்டாம். இந்தத் தமிழ்ச்சொற்கள் பாடநூலுக்கும் அறிக்கைக்கும். அதிர்ச்சிக்குப் பின் தடங்களில் பாயும் திறன் ஏறியிறங்கி ஆடும் ‘பவர் ஸ்விங்’குக்கு ‘திறன் ஊசல்’, ‘திறன் அலைவு’ இரண்டும் கையில் உள்ளன. எனக்கு முன்னதே பிடிக்கிறது. ரிலே பிரிவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.