ஒரே அட்டையில் அரிசியும் பெட்ரோலும்: அரசுக்கு இவ்வளவு அதிகாரம் தேவையா?

சிப்புட்வாசி:

2025 ஆகஸ்டு 31 அன்று, 18 வயது நிரம்பிய ஒவ்வொரு மலேசியக் குடிமகனின் மைகார்டு என்ற அடையாள அட்டையிலும், அடிப்படைப் பொருள்கள் வாங்குவதற்கான சாரா உதவியாக 100 ரிங்கிட் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம் 30-ஆம் தேதி முதல், புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தில், அதே அட்டையைக் காட்டுபவருக்குத்தான் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் என்றானது. உதவியை நான் குறை சொல்லவில்லை. தோட்டம் கைமாறி, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வந்து ஒண்டிய, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு அந்தப் பணம் அரிசியாகவும் சமையல் எண்ணெயாகவும் முட்டையாகவும் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

என் கவலை அட்டையைப் பற்றியது. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் புகைப்படத்தோடும் பெருவிரல் ரேகையோடும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று ஆங்கிலேய அரசு கட்டாயப்படுத்தியது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு அரிசி போகக் கூடாது என்பதற்காக ஊருக்குள் இருந்தவர்களின் அரிசி அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. ஆளைக் கண்காணிப்பதற்காகவே வந்த அட்டையில் இன்று அரிசியையும் பெட்ரோலையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். இந்த அதிகாரத்துக்கு எல்லை எது என்று நாம் கேட்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற கிராணி:

தம்பி, வரலாற்றைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அதற்கும் இதற்கும் நடுவில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். நான் தோட்டத்து ஆபீசில் பல காலம் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டை எழுதியவன். ஏழைக்கு உதவி எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

யாருக்கு உதவி என்ற பட்டியலைக் கட்சிக் கிளைத் தலைவர் எழுதுவார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்தின் பெயர் அதில் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கோயில் மண்டபத்தில் பெண்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். பிரமுகர் மதியத்துக்கு மேல் வருவார். ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு பேரும் பிடித்தபடி படம் எடுத்த பிறகுதான் பை கைக்கு வரும். அடுத்த தேர்தலில் அந்தப் படம் அவள் வீட்டு வாசலுக்கே வந்து ஓட்டுக் கேட்கும். இன்று அதே பெண் தன் அட்டையை எடுத்துக்கொண்டு தனக்குப் பிடித்த கடைக்குப் போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, யாருக்கும் கைகூப்பாமல் திரும்புகிறாள். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவளா என்று கடையில் அட்டையைப் படிக்கும் கருவி கேட்பதில்லை.

அரசின் அதிகாரம் கூடிவிட்டது என்கிறீர்கள். எங்களை நேரடியாக அழுத்தியது அந்த இடைத்தரகரின் அதிகாரம்தான். அது இன்று ஒழிந்துகொண்டிருக்கிறது.

ஈப்போ கணினியாளர்:

ஐயா சொல்வது முழு உண்மை. என் பாட்டியும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தவர்தான். ஆனாலும் தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

மாதத்துக்கு 300 லிட்டர் என்று பெட்ரோல் திட்டம் தொடங்கியபோது ஒரு வரம்பு வைத்தார்கள். அப்படி வரம்பு வைத்தால், ஒவ்வொருவரும் எவ்வளவு ஊற்றினார் என்ற கணக்கு எங்காவது சேர்ந்தே ஆக வேண்டும். சாரா பணத்தில் அனுமதிக்கப்பட்ட பொருள்களை மட்டுமே வாங்க முடியும் என்பதால், எடுத்த பொருள் பட்டியலில் உண்டா என்று சரிபார்த்தே பணம் கழிகிறது. ஆகவே அட்டையைச் செருகும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு உண்டாகிறது. தனியார் நிறுவனம் அப்படிப் பதிவு வைத்தால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். ஆனால் அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதோடு, மத்திய அரசின் துறைகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் தரவுப் பகிர்வுச் சட்டமும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பகிர்வதற்குச் சட்டம் இருக்கிறது. பகிரப்பட்டவன் கேள்வி கேட்பதற்கு, ஒரு கடைக்காரரிடம் இருக்கும் உரிமைகூட அரசிடம் நமக்கு இல்லை.

மக்களின் சமூகப் பொருளாதார விவரங்களைச் சேர்க்க அரசு அமைத்த பாடு தரவுத்தளத்தை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 2 அன்று தொடங்கினார்கள். அடையாள அட்டை எண்ணை வைத்தே இன்னொருவருடைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட முடியும் என்ற ஓட்டையை முன்னாள் துணையமைச்சர் ஒருவரே சில நாள்களில் சுட்டிக்காட்டினார். அதை அடைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் அட்டை எண் இரகசியமே இல்லை. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக்கில் பிறந்தவருக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். மீதம் மூன்று இலக்கங்கள்தான். 2017-இல் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தபோது அட்டை எண்களும் சேர்ந்தே வெளியே போயின. அப்படிப்பட்ட எண்ணை எல்லாக் கதவுக்கும் சாவியாக்கும்போது, சாவியை வைத்திருப்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதலில் வர வேண்டும்.

ஓய்வுபெற்ற கிராணி:

சட்டம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அது வரும்வரை உதவி காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. மலிவு பெட்ரோல் தாய்லாந்து எல்லையைத் தாண்டிக் கடத்தப்பட்டதையும், வெளிநாட்டு வண்டிகள் நம் வரிப்பணத்தில் எண்ணெய் நிரப்பிச் சென்றதையும் எத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம்? ஆளைத் தெரிந்துகொள்ளாமல் ஆளுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

லயத்து மகள்:

கிராணி ஐயா, நீங்கள் சொன்ன "ஆளுக்கு மட்டும்" என்பதில் என் தாயார் இல்லை.

அவர் பிறந்தது இந்த வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில். பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கி, எங்களைப் படிக்க வைத்தவர். கையில் இருப்பது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டை. அவருடைய பிறப்பை யாரும் நேரத்தில் பதியவில்லை. பின்னால் பதிந்தபோது பெற்றோரின் பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருந்தது. குடியுரிமை மனு போட்டோம், காரணம் எழுதாமல் நிராகரித்துக் கடிதம் வந்தது, மறுபடியும் போட்டிருக்கிறோம்.

முன்பு ரோன்95 லிட்டர் 2.05 ரிங்கிட்டாக இருந்தபோது, எண்ணெய் நிலையத்தில் அவரை யாரென்று எவரும் கேட்டதில்லை. அவருடைய சிறிய மோட்டார் சைக்கிளுக்கும் பெரிய காருக்கும் ஒரே விலைதான். இப்போது எனக்கு ஒரு விலை, என் பின்னால் வரிசையில் நிற்கும் என் தாயாருக்கு வேறு விலை. ஆகஸ்டு மாதத்து 100 ரிங்கிட்டும் குடிமக்களுக்கு மட்டும்தான். இதை வெறும் எண்ணெய்ச் செலவாக எண்ணாதீர்கள். எப்போதோ ஓர் அலுவலகத்தில் நடந்த பதிவுப் பிழை, அட்டை கேட்கப்படும் ஒவ்வொரு இடத்திலும் அவரைப் புதிதாக வெளியே நிறுத்துகிறது. அட்டையில் கட்டப்படும் உதவிகள் கூடக் கூட, அவரைப் போன்றவர்கள் விடுபடும் இடங்களும் கூடுகின்றன.

ஓய்வுபெற்ற கிராணி:

அம்மா, உங்கள் தாயாருக்கு நேர்ந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரே பெண் செக்ரோலில் முனியம்மா, பிறப்புச் சூராவில் (பிறப்புச் சான்றிதழில்) முனியாயி, கணவர் பத்திரத்தில் இன்னொரு பெயர் என்று எத்தனை குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது குடியுரிமைச் சிக்கல். அதற்காக அட்டை முறையைக் குறை சொன்னால், தரகரிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

சிப்புட்வாசி:

இரண்டையும் பிரிக்க முடியாது ஐயா. குடியுரிமையை வழங்குவதும், அட்டையைக் கொடுப்பதும், அந்த அட்டையை அரிசிக்கும் எண்ணெய்க்கும் நிபந்தனையாக்குவதும் ஒரே அரசு. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சாசனத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு நீதி செய்தது, அதை வரவேற்கிறேன். ஆனால் அதே திருத்தம், சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளை இயல்பாகக் குடியுரிமை பெறும் வழியையும் நீக்கியது. அதாவது கதவைச் சிறிதாக்கிக்கொண்டே, கதவுக்கு உள்ளே மட்டும் உதவி என்கிறார்கள்.

தரகர் திரும்பி வர வேண்டாம். அந்த மண்டபத்து வரிசையை நானும் வெறுக்கிறேன். ஆனால் தரகரோடு சண்டை போட முடிந்தது. அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க முடிந்தது. கருவியில் "தகுதி இல்லை" என்று வந்தால், கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் என்ன கேட்பது?

ஈப்போ கணினியாளர்:

அதுதான் உண்மையான ஓட்டை. சாரா உதவியின் முதல் நாளே நெரிசலில் முறைமை தடுமாறியது நினைவிருக்கும். நிரலில் பிழை வருவது இயல்பு. எங்கள் தொழிலில் அதைத் தினமும் பார்க்கிறோம். அட்டையின் சில்லு தேய்ந்த பாட்டி ஒருவர் கடையில் பொருள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கிவிட்டுப் போனதை நேரில் பார்த்தேன். கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் தெரிந்த ஆளை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் அந்த முறைமையில் யாருக்குமே கொடுக்கப்படவில்லை.

அட்டை இருக்கட்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவிலிருந்து அரசுக்கான விலக்கை எடுக்க வேண்டும். கொள்முதல் பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும்; சில்லு படிக்காதபோது ஆளைப் பார்த்து வழங்க மாற்று வழி வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

ஓய்வுபெற்ற கிராணி:

இதில் எழுத்தில் காரணம் என்பதற்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். மற்றவை வரும்வரை திட்டத்தை நிறுத்தச் சொன்னால் எதிர்ப்பேன்.

லயத்து மகள்:

நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. நிரந்தரவாசிகளையும் புடி95-இல் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அதே நியாயம் என் தாயாருக்கும் பொருந்தும். அந்த வரியையும் சேர்த்து மனு எழுதுங்கள். எங்கள் தாமானில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.